கறுப்புச் சாறும் கண்ணுக்குத் தெரியாத சல்லடையும்



போன அறிவியல் கண்காட்சியில் "வைக்கோலிலிருந்து காகிதம்" என்று நான் ஒரு மாடல் வைத்திருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பரிசு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இந்தச் சுவர் இதழில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ரெண்டு சார்ட்டுக்கு வந்துவிட்டது. மணி அடிப்பதற்குள் படிக்க முடியாவிட்டால் மதியம் வந்து மீதியைப் படியுங்கள்.

கண்காட்சியில் நான் "பிளாக் லிக்கர்" என்று சொன்னதுமே பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அது அந்த லிக்கர் இல்லைங்க! மரத்தையோ, கரும்புச் சக்கையையோ, வைக்கோலையோ எரிசோடா சேர்த்து வேகவைத்தால் நார் தனியே பிரியும். மிச்சம் நிற்கிற கறுப்புத் திரவத்துக்குத்தான் அந்தப் பெயர். இனிமேல் கறுப்புச் சாறு என்றே எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பாவுக்கு லால்குடி பக்கம் வயல். மெஷின் அறுவடை முடிந்தால் வைக்கோல் கந்தலாகக் கிடக்கும். "இதுல பேப்பர் பண்ண முடியாதாடா? மரத்தை எதுக்கு வெட்டணும்?" என்று அவர் கேட்டதில் ஆரம்பித்தது என் மாடல். அறிவியல் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, லேபில் வைக்கோலை எரிசோடாக் கரைசலில் வேகவைத்தோம். நார் வந்தது. துணியில் பரப்பிக் காயவைத்தால் முரட்டுத்தனமாக ஒரு காகிதமும் வந்தது. சாறு மட்டும் டிகாஷன் மாதிரி கன்னங்கரேல். அதை வடிதாளில் வடிகட்டி ஒரு குடுவையில் வைத்து, "கனிமங்கள் நீக்கப்பட்ட திரவம்" என்று லேபிள் ஒட்டிவிட்டேன்.

பார்வையிட வந்த நடுவர் அந்த லேபிளைப் படித்தார். "எப்படி நீக்கினே?" "வடிகட்டினேன் சார்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். அதே வடிதாளில் வடிகட்டச் சொன்னார். வடிந்ததில் நாலு சொட்டு எடுத்து வாட்ச் கிளாஸில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டச் சொன்னார். தண்ணீர் வற்றியதும் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வளையம். "இது என்னப்பா? நீ வடிகட்டின தண்ணிதானே?" எனக்குப் பேச்சே வரவில்லை. "சரி, எது பிடிக்கும்னு யோசிச்சுப் பார்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

யோசித்தால், நம் வீட்டு காபி ஃபில்டரிலேயே பதில் இருக்கிறது. மேல் டப்பாவில் திப்பி தங்கும். நிறமும் மணமும் கசப்பும் கீழே இறங்கிவிடும். கரைந்துபோனதை எந்த வடிதட்டும் பிடிக்காது. வைக்கோலுக்குள் இருந்த கனிமமும் சாறில் கரைந்துதான் இருக்கிறது.

அந்தக் கனிமம் என்ன? அது இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இதை முதலில் பார்த்துவிடுவோம்.

காகித ஆலையில் மரம் வேகும் சாறில் எரிசோடாவும் சோடியம் சல்பைடும் இருக்கும். கார்ல் டால் என்பவர் 1879-இல் கண்டுபிடித்த முறை இது. உலகின் பெரும்பாலான மரக்கூழ் இன்றைக்கும் இப்படித்தான் ஆகிறது. சுமார் 170 டிகிரி வெப்பத்தில் மரத்தில் பாதி கரைந்து சாறோடு போய்விடும். ஒரு டன் கூழுக்குச் சுமார் 7 டன் கறுப்புச் சாறு! அத்தனையையும் ஆற்றில் விட்டால் ஆறு செத்துவிடும், வாங்கிய சோடாவும் போய்விடும். அதனால் ஆலைக்காரர்கள் அதைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். பாட்டி வத்தக்குழம்பு சுண்டவைக்கிற மாதிரிதான். கெட்டியானதும் பாய்லரில் தெளித்து எரிப்பார்கள். லிக்னின் எரிந்து நீராவியும் மின்சாரமும் கிடைக்கும். சோடா உப்பு உருகி அடியில் ஓடும். அதைத் தண்ணீரில் கரைத்தால் பச்சைச் சாறு. அதில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டால் மறுபடி எரிசோடா. கூடவே படிகிற சுண்ணாம்புச் சேற்றைச் சூளையில் சுட்டால் மறுபடி சுட்ட சுண்ணாம்பு. நல்ல மர ஆலையில் 95 சதவீதத்துக்கு மேல் சோடா இப்படித் திரும்பி வந்துவிடும். கறுப்பு, பச்சை, வெள்ளை என்று நிறம் மாறி மாறி ஒரே வட்டம்.

வட்டம் என்பதில்தான் வம்பே. மரமும் வைக்கோலும் வரும்போது சும்மா வருவதில்லை. மண்ணிலிருந்து உறிஞ்சிய கால்சியம், மெக்னீசியம், மாங்கனீசு, பொட்டாசியம், குளோரைடு, சிலிக்கா எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வரும். ஆறு மாதிரி ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விட்டால் கவலை இல்லை. வட்டத்துக்குள் நுழைந்தது வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகிறது. ஆலை எவ்வளவு கச்சிதமாகத் தண்ணீரை மூடி வைத்துச் சிக்கனம் பண்ணுகிறதோ, அவ்வளவுக்கு உள்ளே கனிமம் ஏறுகிறது. நல்லது செய்யப் போய் வந்த தொல்லை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கால்சியம் என்ன செய்யும் என்று போர் தண்ணீர் காய்ச்சுகிற வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளைச் செதில். ஆலையில் சாறைச் சுண்டவைக்கும் குழாய்களுக்குள் அதே செதில் படிந்து சூடு ஏறாமல் தடுக்கும். மாங்கனீசு வேறு மாதிரி. கூழை வெளுக்க ஊற்றுகிற ஹைட்ரஜன் பெராக்சைடை வேலை செய்யவிடாமல் வீணாகச் சிதைத்துவிடும்.

குளோரைடும் பொட்டாசியமும் இன்னும் மோசம். அவை கூடினால் பாய்லருக்குள் பறக்கும் சாம்பல் குறைந்த சூட்டிலேயே இளகிப் பிசுபிசுவென்று குழாய்களில் ஒட்டும், உலோகத்தை அரிக்கும். இந்த மாதிரி பாய்லர்கள் எங்கே செய்கிறார்கள் தெரியுமா? நம்ம திருவெறும்பூர் பெல் ஆலையிலும்தான்! எங்கள் பெரியப்பா வெல்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னார்: "மத்த பாய்லர்ல எல்லாரும் நெருப்பைப் பார்த்துப் பயப்படுவாங்க. இதுல தண்ணியைப் பார்த்துத்தான் பயம்." குழாய் ஓட்டையாகி, அடியில் உருகி நிற்கும் சோடா உப்பின் மேல் தண்ணீர் பட்டால் குபீரென்று ஆவியாகி வெடித்துவிடுமாம். உலகத்தில் பல ஆலைகளில் இப்படி உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. ஆக, கண்ணுக்குத் தெரியாத கனிமம் கடைசியில் ஆள் நிற்கிற இடத்துக்கே வந்துவிடுகிறது.

இனி நம் வைக்கோலுக்கு வருவோம். அதன் வில்லன் சிலிக்கா. மணலில் இருக்கிறதே, அதேதான். நெற்பயிர் நிமிர்ந்து நிற்பதற்கும் பூச்சியைத் தாங்குவதற்கும் சிலிக்காவைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உமிக்கரியில் பல் தேய்த்தவர்களுக்கு அந்த நறநற தெரியும். உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். வைக்கோலின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிலிக்கா இருக்கும். மரத்தில் ஒரு சதவீதம்கூட இருக்காது. கரும்புச் சக்கை இரண்டுக்கும் நடுவே. எரிசோடாவில் இந்தச் சிலிக்கா கரைந்து சிலிக்கேட் ஆகிவிடும். அப்புறம் சாறு சுண்டச் சுண்டப் பாகு மாதிரி இறுகும். குழாயில் கண்ணாடி மாதிரிப் படியும், ஆசிட்டுக்கும் லேசில் அசையாது. சுண்ணாம்புச் சேற்றிலும் புகுந்துகொள்ளும், சேறு சரியாகப் படியாது, சூளையில் திரும்பச் சுட்டாலும் நல்ல சுண்ணாம்பு வராது. சிறிய வைக்கோல் ஆலைகள் பல இந்தியாவில் சாறைச் சுண்டவைத்து எரிக்க முடியாமல் தவித்ததற்கு இந்தச் சிலிக்கா ஒரு பெரிய காரணம். எரிக்க முடியாத சாறு எங்கே போகும்? வாய்க்காலுக்குத்தான். சித்தப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

நமக்கென்ன என்று யாரும் நினைக்காதீர்கள். ஸ்ரீரங்கம் ஒரு தீவு. ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம். மேலே காவிரிக் கரையில் இரண்டு பெரிய காகித ஆலைகள் இருக்கின்றன. ஒன்று பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை, 1960-இல் தொடங்கியது. நம் திருச்சிக்கு மின்சாரம் கொண்டுவந்தார்களே, அந்த சேஷசாயி சகோதரர்கள் குழுமம்தான். இன்னொன்று டி.என்.பி.எல். ஈரோடு பாசஞ்சரில் கரூரைத் தாண்டிப் புகளூர் பக்கம் போனால் காகிதபுரம் என்றே ஒரு ஊர் இருக்கிறது. 1979-இல் அரசு தொடங்கிய நிறுவனம், 1984-இல் உற்பத்தி ஆரம்பம். முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை! சர்க்கரை ஆலைகளுக்கு நீராவியும் நிலக்கரியும் கொடுத்து, அவர்கள் எரித்துக்கொண்டிருந்த சக்கையை இவர்கள் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. அங்கே சுண்ணாம்புச் சேற்றையும் சாம்பலையும் வைத்து சிமெண்ட் செய்கிற ஆலையும் வளாகத்திலேயே இருக்கிறது. சிமெண்டுக்குச் சிலிக்கா தேவை, ஆகையால் அங்கே அது வில்லன் இல்லை. இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே நிறுவனத்தின் இரண்டாவது ஆலை நம் மாவட்டத்திலேயே, மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் 2016 முதல் அட்டை தயாரிக்கிறது.

சரி, கரைந்த கனிமத்தை எது பிடிக்கும்? நடுவர் கேட்ட கேள்வி.

உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பும். பாயசத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் தோல் ஒரு சவ்வு. தண்ணீரை உள்ளே விடும், சர்க்கரையை அவ்வளவு சுலபத்தில் வெளியே விடாது. (பாடப்புத்தகத்தில் முட்டை வைத்துச் சொல்லியிருக்கும். எங்கள் பாட்டி வீட்டுக்குள் முட்டை கொண்டுவர விடமாட்டாள். ஆகையால் திராட்சை.) இது சவ்வூடு பரவல். எதிர்ப்பக்கம் அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைத் திருப்பித் தள்ளினால் எதிர் சவ்வூடு பரவல். வீட்டில் மாட்டியிருக்கிற ஆர்.ஓ. மெஷின் அதுதான்.

ஆர்.ஓ. சவ்வுக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் ஸ்ரீரங்கத்தில் இருக்கிற நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கும். ஸ்ரீநிவாச சௌரிராஜன்! திருக்கண்ணபுரத்துப் பெருமாள் பெயர். அவரும் சிட்னி லோப் என்பவரும் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1960 வாக்கில், மேலே மெல்லிய தோலும் கீழே பஞ்சு போன்ற அடுக்கும் கொண்ட சவ்வைச் செய்தார்கள். 1965-இல் கொயலிங்கா என்ற ஊர் அந்தச் சவ்வில் வடிந்த தண்ணீரைக் குடித்தது. அந்தச் சவ்வு எதனால் ஆனது? செல்லுலோஸ் அசிடேட். செல்லுலோஸ் என்றால் நம் காகித நார்தான்! ஆனால் அதே சவ்வைக் கறுப்புச் சாறில் போட்டால் காரத்தில் சிதைந்துவிடும். பிறந்த வீட்டிலேயே ஒத்துக்கொள்ளாத பிள்ளை.

சவ்வுகளில் பல வகை. இதை எனக்கு விளக்கியது துவாக்குடி என்.ஐ.டி.யில் கெமிக்கல் படிக்கிற எங்கள் தெரு அண்ணன். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சமாக நறுக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ, அந்த அளவு துளை இருந்தால் அல்ட்ரா வடிகட்டல். பத்து லட்சமாக நறுக்கினால் நானோ வடிகட்டல். அதற்கும் கீழே ஆர்.ஓ., அதில் துளை என்று சொல்லவே ஒன்றும் கிடையாது.

"அப்போ ஆர்.ஓ.வையே போட்டுடலாமே அண்ணா?" என்று கேட்டேன். தலையில் குட்டாத குறை. கரைசல் எவ்வளவு உப்போ அவ்வளவு அழுத்தம் வேண்டும். கடல் நீருக்கே காற்றழுத்தத்தைப் போல் ஐம்பது அறுபது மடங்கு கொடுக்கிறார்கள். கறுப்புச் சாறு அதைவிடக் கெட்டி. அதோடு, ஆர்.ஓ. எல்லா உப்பையும் நிறுத்திவிடும். நமக்கு எரிசோடா வேண்டும், கால்சியம் வேண்டாம். ரெண்டையும் ஒரே பக்கம் நிறுத்தினால் பிரித்தது என்ன?

அல்ட்ரா வடிகட்டலில் கால்சியம் தனியாக வந்தால் துளை வழியே ஓடிவிடும். ஆனால் கறுப்புச் சாறில் அதில் ஒரு பகுதி லிக்னினைப் பிடித்துக்கொண்டிருக்கும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு போகிற குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். குறுகலான கம்பித் தடுப்பில் தாத்தா நுழைய முடியாமல் நின்றால் குழந்தையும் நின்றுவிடும். லிக்னின் பெரிய மூலக்கூறு, தாத்தா. அது நிற்க, பிடித்த கால்சியமும் நிற்கும். சோடா மட்டும் கீழே இறங்கிவிடும்.

நானோ வடிகட்டலில் அளவு மட்டுமல்ல, மின்சுமையும் வேலை செய்கிறது. சவ்வின் மேல் எதிர்மின் சுமை இருக்கும். சல்பேட் மாதிரி இரட்டைச் சுமை உள்ளதைக் காந்தத்தின் ஒத்த முனை மாதிரித் தள்ளிவிடும். ஒற்றைச் சுமை உள்ள குளோரைடை அவ்வளவாகத் தடுக்காது. குளோரைடு சேர்ந்த பாய்லர் சாம்பலைக் கரைத்து இப்படிப் பிரிக்கலாம். சல்பேட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு குளோரைடை வெளியே அனுப்பலாம். பொட்டாசியம் மட்டும் சோடியத்தின் தம்பி மாதிரி இருப்பதால் சவ்வுக்கு அடையாளம் தெரியாது.

நம் கதாநாயகன், இல்லை, வில்லன் சிலிக்கா? அது காரத்தில் சின்னச் சின்ன சிலிக்கேட்டாகக் கரைந்திருக்கும்போது அல்ட்ரா சவ்வில் வழுக்கிக்கொண்டு போய்விடும். இங்கேதான் ஒரு தந்திரம். சாறின் பி.எச். 13 பக்கம் இருக்கும். அதில் கார்பன் டை ஆக்சைடை ஊதி, அதாவது ஆலைப் புகையையே ஊதி, 10 பக்கம் இறக்கினால் சிலிக்கா திரண்டு துகளாகும். துகளை வடிகட்டலாம். இன்னும் இறக்கினால் லிக்னினும் சேர்ந்து விழுந்து எல்லாம் குழம்பிவிடும். அந்த இடத்தில் சரியாக நிறுத்த வேண்டும், பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கிற மாதிரி. மூங்கில், ஈற்றை போன்றவற்றின் சாறுக்காக இந்தச் சிலிக்கா நீக்கும் முறையைக் கேரளத்தில் வெள்ளூர் செய்தித்தாள் காகித ஆலையில் முன்பு சோதித்திருக்கிறார்கள். சஹாரன்பூரில் இருக்கிற மத்தியக் கூழ் மற்றும் காகித ஆராய்ச்சி நிறுவனம் அதில் ஈடுபட்டது.

இன்னொரு சிக்கல், சவ்வே அடைத்துக்கொள்வது. உய்யகொண்டான் வாய்க்கால் மதகுக் கம்பியில் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு தண்ணீர் போகாமல் நிற்குமே, அதே கதை. அதனால் சாறைச் சவ்வின் மேல் நேராக அழுத்தாமல் பக்கவாட்டில் வேகமாக ஓடவிடுவார்கள். ஓட்டமே மேற்பரப்பைத் துடைத்துக்கொண்டு போகும். அப்படியும் படியும். கழுவ வேண்டும். கறுப்புச் சாறு 80, 90 டிகிரி சூடு வேறு. அதைத் தாங்க அலுமினியம், டைட்டானியம், சிர்கோனியம் ஆக்சைடுகளால் ஆன பீங்கான் சவ்வுகள் இருக்கின்றன. விலை கூடுதல்.

நார்வேயில் சார்ப்ஸ்போர்க் நகரத்தில் போரெகார்ட் ஆலை 1980களிலிருந்தே அல்ட்ரா வடிகட்டலை மரச்சாறில் பயன்படுத்துகிறது. அங்கே லிக்னின் பொருள்தான் வியாபாரச் சரக்கு. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் பீங்கான் சவ்வில் கறுப்புச் சாறை வடித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் சவ்வுக்குப் பேர்போன ஊர் திருப்பூர். சாயத் தண்ணீர் நொய்யலில் கலந்து, நொய்யல் காவிரியில் கலக்க, 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு ஆர்.ஓ. போட்டு, மிஞ்சிய உப்புத் தண்ணீரையும் சுண்டவைத்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது. சவ்வு எதையும் அழிப்பதில்லை, இங்கே இருப்பதை அங்கே ஒதுக்குகிறது, அவ்வளவுதான். ஒதுக்கியதை என்ன செய்வது என்று யோசிக்காதவன் பாதிக் கணக்குத்தான் போட்டிருக்கிறான். நம் வீட்டு ஆர்.ஓ.வில் பின்னால் வழிகிற தண்ணீரையும் ஒருநாள் வாட்ச் கிளாஸில் சுண்டவைத்துப் பாருங்கள். வளையம் தடியாக இருக்கும்.

லேபில் நாங்கள் கடைசியாக ஒன்று செய்து பார்த்தோம். மிச்சமிருந்த வைக்கோல் சாறில் ஆசிரியர் நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கலங்கியது. இன்னும் விட்டதும் திரிந்த பால் மாதிரிப் பழுப்புத் திரி திரியாக இறங்கியது. போன தடவை கறுப்பாகவே வடிந்த அதே வடிதாளில் இந்தத் தடவை வெளிர் மஞ்சளாக இறங்கியது. சிலிக்கா எது, லிக்னின் எது என்று பிரிக்க எங்களால் முடியவில்லை, பி.எச். தாளை வைத்துக்கொண்டு 10-இல் நிறுத்துவது சொல்வது போலச் சுலபமில்லை. மூன்று தடவை தாண்டிவிட்டோம்.

அந்த இரண்டு குடுவைகளும் லேபில் ஜன்னல் பக்க அலமாரியில் இருக்கின்றன. கறுப்புக் குடுவையில் எரிசோடா இருக்கிறது, யாரும் தொட வேண்டாம். பழைய லேபிளைக் கிழித்துவிட்டேன். இப்போது "வடிகட்டப்பட்டது, கனிமம் உள்ளே" என்று எழுதியிருக்கிறது.